தலைகீழாய்ப் படித்த ஏரிச்சேறு

ஏரிச் சேற்றை முகர்ந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிற பிழைப்பு என்னுடையது. பெரிய மனுஷர்களிடம் குப்பை கொட்டிய உங்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம்.

எழுபதுகளின் கடைசியில் திருப்பதிக் கல்லூரி ஒன்றில் ஜூனியர் லெக்சரராக இருந்தேன். பாகாலா பக்கத்து ஊர் ஒன்றின் ஏரியில் வீட்டுச் சாக்கடை எப்போதிலிருந்து கலக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். இரும்புக் குழாயை அடித்து இறக்கி எடுத்தால் சேறு அடுக்கடுக்காக வரும். அடியில் பழசு, மேலே புதுசு. ஏரிக்கரைக்குக் கீழே காலனியில் என் அக்கா எஸ்தர் குடியிருந்தாள். அங்கே ஒரே கிணறு, ஏரித் தண்ணீர்தான் அதில் ஊறும். அந்தத் தண்ணீரைக் குடித்து அவள் பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. சாக்கடையை நிறுத்தினால்தான் விடிவு.

குழாய்க்குப் பூஜை

குழாய் வெளியே வந்ததும் மேல்முனையில் அடையாளத்துக்குச் சிவப்பு பெயிண்ட் வைத்தேன். அதற்குள் ஊர் சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், ஓடிவந்து கற்பூரம் காட்டி, இரண்டு முனையிலும் குங்குமத்தை அப்பிவிட்டார். எது பெயிண்ட், எது குங்குமம் என்று தெரியவில்லை. வேண்டாமய்யா என்று கெஞ்சினேன். "கங்கம்மா வயித்துலேர்ந்து வந்துக்கீது, சும்மா எடுத்துக்கினு போவ உட்ருவனா?"

பாட்டன் காலத்து டூத்பேஸ்ட்

லேபில் எங்கள் புரொபசர் குழாயைத் தலைகீழாகப் போட்டுப் பிளந்தார். சோப்பு நாறும் கறுப்புச் சேறு அடியில் போய்விட்டது. பாட்டன் காலத்தில் ஏரி நாறியதாம், இப்போது சுத்தமாம்! அந்தக் கறுப்புக்குள் டூத்பேஸ்ட் மூடி ஒன்று பல்லிளித்தது. எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பெரிய மேதை, அசரவில்லை. "அது தானா கீழ எறங்கியிருக்கும்யா, எழுது!"

சர்பஞ்சின் தீர்ப்பு

ஊர்க்கூட்டத்தில் சர்பஞ்ச் மைக்கைப் பிடித்தார். தன் ஆட்சியில்தான் ஏரி சுத்தமானதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாயைத் தலைகீழாகப் படித்துவிட்டோம் என்று எழுந்து கத்தினேன். புரொபசர் கூரையில் ஓட்டை தேடினார். அக்காவும் எழுந்தாள். "தண்ணி சுத்தம்னா எம் புள்ளைங்க ஏன்யா ராப்பகலா வெளிய போய்க்கினு கீதுங்க?"

சாக்கடையோ சர்பஞ்ச் தெருவிலிருந்து வருவது. அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "ஏரி சுத்தம்னு படிச்சவங்களே எழுதிட்டாங்கம்மா. அப்ப கிணறுதான் கெட்டுப்போச்சு. நாளைக்கே மூடச் சொல்றேன்."

சொன்னபடி மூடியும் விட்டார்கள். எங்கள் ஆராய்ச்சியின் புண்ணியத்தில் சாக்கடை பழையபடி ஏரிக்குப் போனது, என் அக்கா இடுப்பில் குடத்தோடு பக்கத்து ஊருக்குப் போனாள்.