இரண்டு விரல் புல்

மெஷினை வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தெரியும்: போகும்போது அது மெஷின், திரும்பி வரும்போது அது புகார். யட்டியாந்தோட்டை பஜாரில் எங்களுக்கு ஹார்ட்வெயார் கடை. தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷின் இரண்டை வாங்கிப் போட்ட என் வீட்டுக்காரர், வருகிறவர்களோடு மல்லுக்கட்டுகிற வேலையை என் வாய்க்கு ஒதுக்கிவிட்டார்.

பனிக்குள் ஒரு சத்தம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏறுகிற மலையில் லெட்சுமியின் வீடு. அதற்கு நேர் மேலே அவளுடைய தேயிலைத் துண்டு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற சரிவு. போன மழையில் மண் இறங்கி வந்து அவள் அடுப்படியில் முழங்கால் உயரத்துக்குக் குந்திவிட்டது. சொரண்டியால் புல்லை வேரோடு சுரண்டுவதுதான் வினை, மெஷினால் வெட்டினால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று விவசாயக் கந்தோர் அதிகாரிகள் சொன்னார்களாம். அதனால் மெஷினை வாடகைக்குக் கேட்டு வந்தாள்.

ஆம்பிளைத் தோளுக்குத் தைத்த பட்டி அவளுக்குப் பெரிது. பழைய துவாயை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலை ஒரே பனி. ஆளைக் காணோம், மலையையே காணோம். மெஷின் சத்தம் மட்டும் அந்த வெள்ளைக்குள் அங்குமிங்கும் மிதந்தது. வெட்டுப்பட்ட புல்லின் வாசம் என் சமையலறை வரை இறங்கி வந்தது. அரிசி களைந்த கையோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்தவளிடம், பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பனியில கீழ எவ்வளவு பள்ளம்னு தெரியலக்கா, அதனால பயமும் தெரியல."

கங்காணியின் கண்

அவளுடைய மாமனார் செல்லையா, வேலையிலிருந்து நின்ற கங்காணி. வாழ்நாளெல்லாம் ஆட்களை நிறுத்தி மலையைத் துடைத்து வைத்தவர். மெஷின் போன இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்குப் புல் நின்றது அவருக்குப் பொறுக்கவில்லை. பார்க்கிறவன் சிரிப்பானாம், செல்லையா வீட்டு மலையா இது என்பானாம். நேரே என்னிடம்தான் வந்தார்.

"முதலாளியம்மா, இது புல்லு வெட்டுற மெஷினா, புல்லுக்குத் தல சீவி விடுற மெஷினா?"

பாய் அளவு சுத்தம்

இரண்டு வாரம் கழித்து, மாமா சொரண்டியோடு மேட்டில் ஏறிவிட்டார் என்று லெட்சுமி போனில் அழுதாள். மழை கூடிக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு ஏறினேன். மேல் மூலையில் ஒரு பாய் அளவு இடம் சிவப்பாக, பளபளவென்று கிடந்தது. எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் மரியாதையாகவே சொன்னேன். தினம் சோறு போடுகிற அடுப்படியைப் பற்றிக் கவலை வேண்டாமா என்றும் கேட்டேன். லெட்சுமி கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் சொரண்டியை அவளிடம் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. கீழே என் வீடு கனவில் வருகிற வீடு மாதிரித் தெரிந்தது. அதன் பின்மேட்டில் ஒரு புல் கிடையாது. சுரண்டச் சொன்னவள் நான்தான். செல்லையா அதைத்தான் காட்டினார்.

"ஒங்க மேட்ட மட்டும் ஏன் மொட்டையடிச்சு வச்சிருக்கீங்க?"

மூன்று நாள் மழை

மூன்றாம் நாள் காலை பின்கதவைத் திறந்தால், என் மேடு சமையலறைக்குள் வந்துவிட்டது. எனக்கே இப்படியென்றால் லெட்சுமிக்கு? சேற்றை அப்படியே விட்டுவிட்டு ஏறினேன். மேகம் தரையில் படுத்துக் கிடந்தது. எது பாதை, எது வானம் என்று தெரியாமல் தண்ணீர்ச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

அந்தப் பாய் அளவு இடம் மட்டும் கரைந்து வழிந்து, இரண்டு விரல் புல்லில் வந்து நின்றிருந்தது. அதற்குக் கீழே ஓடிய தண்ணீரில் கூழாங்கல் தெரிந்தது. லெட்சுமியின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் செல்லையா பால் விடாத பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து, அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சேலைக் கரைச் சேற்றையும் பார்த்தார்.

"தண்ணி வருது, மண்ணு வரல. ஆனா பாக்க அசிங்கமாத்தான் இருக்கு, முதலாளியம்மா."

என் மேட்டிலும் இப்போது அதே இரண்டு விரல் அசிங்கம் நிற்கிறது. கான்வென்டில் எனக்குச் சுத்தம் சொல்லித்தந்த சிஸ்டர்மார், இவள் சரிவில் குடித்தனம் பண்ணப்போகிறவள் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது.