அப்பாவின் கம்பிளி

நனைந்த கம்பிளிக்கு ஓர் ஆட்டு வாடை உண்டு. எஸ்டேட்டில் கொடுக்கும் அந்தக் கறுப்புக் ‘கம்பிளி’யைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் எங்கள் மலையில் ஆணும் பெண்ணும் மழைக்காலம் முழுக்க வேலை பார்த்தார்கள். சாயங்காலம் அதை அடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டால், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ‘லயத்து’ வீட்டின் ஒற்றை அறையில் சோற்று மணத்தையே அந்த வாடை அமுக்கிவிடும். இன்றைக்கும் அது எங்காவது மூக்கில் ஏறினால் எனக்கு வயிறு எரிகிறது.

வட்டவடைப் பாதையை ஒட்டியிருந்த எங்கள் எஸ்டேட்டில், மேனேஜர் துரை வரும்போது தொழிலாளி தலையில் எதுவும் இருக்கக் கூடாது. மழை கொட்டினாலும் பாதையோர ஓடையில் இறங்கி நின்று கம்பிளியை எடுத்துவிட வேண்டும். எனக்கு எட்டு வயதாக இருந்த ஓர் ஆடி மாதம், காய்ச்சலோடு வேலைக்குப் போன அப்பா அதை எடுக்கவில்லை. வேலையை மேற்பார்க்கும் கங்காணி கம்பிளியைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, துரை மலையைச் சுற்றித் திரும்பும்வரை அப்பாவை அங்கேயே நிற்க வைத்தான். சோறு கொண்டுபோன நான் பார்த்தேன். அப்பாவின் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எட்டாம் நாள் இறந்துபோனார்.

தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டும் மெஷினில் நின்றவர்தான் எங்கள் சங்கத் தலைவர். எல்லோருக்கும் ‘அண்ணாச்சி’. அப்பாவை அடக்கம் செய்த அன்று, கங்காணி வாசலில் வீசிவிட்டுப் போயிருந்த கம்பிளியை எடுத்து அம்மா கையில் கொடுத்து, லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “அழாத தாயி. அந்தக் கங்காணிய இதே மழையில தல நனைய நிக்க வைக்கலேன்னா நான் சங்கமே நடத்தல.”

அம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அடுத்துச் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது பலாக்கொட்டையை அவித்து எனக்குக் கொடுத்துவிட்டு, கொடி பிடித்து முதல் வரிசையில் போனாள். போலீஸ் அடித்து வீங்கிய கையோடு மறுநாளும் போனாள்.

ஜெயித்தோம். கம்பிளியை எடுக்கும் வழக்கம் ஒழிந்தது, ஒழுகிய லயங்களுக்குப் புதுத் தகரம் வந்தது, பிள்ளை பெற்றவளுக்கு லீவு கிடைத்தது. கங்காணிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா அண்ணாச்சியிடம் போய்க் கேட்டாள். “ஒரு ஆளப் பிடிச்சுக்கிட்டு நின்னா எல்லாருக்கும் கெட்டுப்போகும் தாயி, கொஞ்சம் விட்டுக்குடுத்துத்தான் வாங்கணும்” என்றார். அதுவே பிறகு அவருடைய அரசியலாயிற்று. சண்டையில்லாமல் பேசியே சமத்துவம் கொண்டுவருவோம் என்று கட்சியில் சேர்ந்து தேர்தலுக்கு நின்றார்.

ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வந்த அன்றும் நல்ல மழை. அவருக்குக் குடை பிடித்து வந்தவன் அதே கங்காணி. அம்மா அப்பாவின் கம்பிளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“அந்தக் குடைய மடக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. அது போதும்.”

அவர் கம்பிளியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், குடைக்குள்ளேயே அடுத்த வீட்டுக்குப் போனார். “ரெண்டு பேருமே நனையாமப் போயிட்டானுங்க” என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் நல்லது செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவர் கொண்டுவந்த பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் டீச்சரானேன், பின்னாளில் பஞ்சாயத்துப் பிரசிடென்டும் ஆனேன். அவர் காலமான பிறகு ஜங்ஷனில் சிலை வைத்தார்கள். அதற்கு ஒரு கூரை போட அனுமதி வேண்டும் என்று சங்கத்துப் பையன்கள் மனுவோடு என்னிடம் வந்தார்கள்.

“அண்ணாச்சி மழையில நிக்காரு டீச்சர்.”

“நிக்கட்டும்” என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் பதவியில் இருந்தவரை அந்த மனு என் மேஜை டிராயரை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது கம்பிளி இல்லை. எல்லோரும் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறார்கள். துரை போய்விட்டார், கங்காணியின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. எனக்குப் பின் வந்தவர்கள் ஏனோ கூரையை மறந்துவிட்டார்கள், நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஆடி பிறந்தால் ஒரு நாள் பஸ் பிடித்து ஜங்ஷனுக்குப் போகிறேன். குடையை விரித்துக்கொண்டு, அவர் தலையிலிருந்து தண்ணீர் வழிவதை அம்மாவுக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.