ஊசி போட்ட காலத்தில் கரையில் வந்த சண்டை

போன வருசம் சித்திரை முடிஞ்சு கடல் நல்லா அடங்கியிருந்த நேரம், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில எங்கட கரையில நடந்த விசயம் இது.

எனக்கு அறுபது கடந்திட்டுது. தலைமுறை தலைமுறையாக் கடற்தொழில். கரையில ஒரு பிரச்சினை எண்டா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு முதல் ஆளா இறங்கிறது நான்தான். ஊரில எல்லாருக்கும் அது தெரியும்.

அதுக்கு முந்தின வருசம் எனக்குப் புரொஸ்டேட்டில புற்றுநோய் எண்டு கண்டுபிடிச்சினம். ஆஸ்பத்திரியில ஒரு இளம் டொக்டர் விளங்கப்படுத்தினா. "ஐயா, ஆம்பிளையளின்ர உடம்பில சுரக்கிற ஒரு ஹோமோன்தான் இந்த நோய்க்குச் சாப்பாடு. அதை நிப்பாட்டத்தான் இந்த ஊசி." மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வயித்தில போடுவினம்.

நோய் அடங்கினது. ஆனா நான் வேற ஆளா மாறிப்போனன். கையில இருந்த சதை வத்திப்போச்சு. ரீவியில கலியாண வீட்டைக் காட்டினாலும் கண் கலங்கும். எல்லாத்தையும் விடப் பெரிய கரைச்சல் அந்த வெக்கை. சும்மா இருக்கேக்க கழுத்தடியிலயிருந்து நெருப்பு மூட்டின மாதிரி ஏறும், வேர்த்து ஊத்தும். என்ர மனிசி சிரிப்பா. "எனக்கு அம்பது வயசில வந்தது உங்களுக்கு இப்பதான் வந்திருக்கு. இப்ப விளங்குதா?" எண்டு கேப்பா. ஓம், விளங்கினது.

மாசாமாசம் காட்டப் போற கிளினிக்கில, மர வாங்கில எனக்குப் பக்கத்தில வழக்கமா ஒருத்தர் இருப்பார். அவருக்கும் அதே நோய், அதே ஊசி. குடாவுக்கு அக்கரையில இருந்து வாற முஸ்லிம் மனிசர், அவரும் கடற்தொழில்தான். ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. ஆனாலும் நான் அவரை நானா எண்டுவன், அவையளின்ர பேச்சில அது அண்ணன்; அவர் என்னை அண்ணன் எண்டுவார். கிளினிக் கொப்பியால மாறி மாறி விசிறிக்கொண்டு, வீட்டில மனிசிமாருக்கும் சொல்ல வெக்கப்படுற கதையெல்லாம் நாங்கள் கதைச்சிருக்கிறம்.

சண்டை வந்த அண்டைக்குக் காலமை எங்கட ஆக்கள் கடலுக்குப் போய்ப் பாத்தா, விரிச்ச வலையெல்லாம் துண்டு துண்டா அறுந்து கிடந்தது. அக்கரைக்காரர்தான் அறுத்தவை எண்டு ஆரோ சொல்ல, அந்தக் கதை கரை முழுக்கப் பரவிச்சுது. மத்தியானம் அக்கரைப் படகொண்டு எஞ்சின் பழுதாகி எங்கட பக்கம் ஒதுங்கினது. எங்கட பெடியள் அதை மண்ணில இழுத்துப் போட்டு, அதில வந்த ரெண்டு பேரையும் வாடிக் கொட்டிலுக்குள்ள இருத்திப்போட்டாங்கள். பின்னேரம் அவையளைத் தேடி அக்கரையில இருந்து படகு படகா வந்தவை.

நானும் கரைக்குப் போனனான். என்ர தம்பி முன்னுக்கு நிக்கிறான். கையில மீன் வெட்டுற கத்தி. அவனுக்குப் பக்கத்தில, காணி எல்லைப் பிரச்சினையில எத்தனையோ வருசம் அவனோட முகம் குடுக்காத எங்கட மச்சான். மச்சான் தன்ர போத்தலில இருந்த தண்ணியைத் தம்பிக்குக் குடுக்கிறார். தம்பி குடிச்சிட்டு, அவர்ர தோளில கையைப் போடுறான்.

நான் அப்படியே பாத்துக்கொண்டு நிண்டனான். கரையில நிண்ட ஆம்பிளையள் எல்லாரும் அப்படித்தான் இருந்தவை. ஒருத்தன்ர காலில சிப்பி வெட்டி ரெத்தம் வர, இன்னொருத்தன் தன்ர சாரத்தைக் கிழிச்சுக் கட்டிவிட்டான். அவ்வளவு அன்பு. அதே முகங்கள் கடல் பக்கம் திரும்பினா வேற முகங்கள். இத்தனை வருசமா நான் இதுக்குள்ளதான் நிண்டிருக்கிறன். ஒருநாளும் இதைக் கண்டதில்லை. அந்த அன்பும் அந்த வெறியும் ஒரே இடத்தில இருந்துதான் வருகுதெண்டு அண்டைக்குத்தான் கண்டனான். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

அக்கரைப் படகுகள் ஆழம் குறைஞ்ச இடத்தில வந்து நிண்டது. அங்கயும் அதே மாதிரித்தான், ஆளுக்காள் தோளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. அவையளுக்கு நடுவில எங்கட நானா. தொப்பியைக் கழட்டி முகத்துக்கு விசிறிக்கொண்டு இருக்கிறார். அவருக்கு வெக்கை ஏறியிட்டுது எண்டு எனக்கு உடனே விளங்கிச்சு. அந்த நேரம் பாத்து எனக்கும் ஏறத் தொடங்கினது.

சமாதானம் பேசவோ சண்டை பிடிக்கவோ நான் போகேல்லை. தாங்க ஏலாமல்தான் தண்ணிக்குள்ள இறங்கினனான். பழைய ஆள் முன்னுக்குப் போறார் எண்டு நினைச்சோ என்னவோ, ஒருத்தரும் என்னை மறிக்கேல்லை. நான் நெஞ்சளவு தண்ணிக்கு வர, நானாவும் படகில இருந்து மெதுவா இறங்கி வந்தவர். ரெண்டு பேரும் கழுத்து நனையக் குந்தினம்.

"ஊசி எப்ப அண்ணன்?" எண்டு கேட்டார்.

"வாற கிழமை நானா. உங்களுக்கு?"

"எனக்குப் போன கிழமை போட்டது. அதுதான் இந்தக் கொதி." பேந்து கொஞ்சம் தணிஞ்சு சொன்னார்: "மகன்மார் கோபத்தில வெளிக்கிட்டாங்கள். தனிய விட மனமில்லாமல் ஏறி வந்தனான். எங்கட வலையும் அறுந்துதான் கிடக்கு அண்ணன். நீங்கள்தான் அறுத்ததெண்டு அங்க சொல்லுறாங்கள்."

சொல்லிக்கொண்டே அவர் எழும்பினார். நான் வாய் திறக்க முதல் எங்கட கரையில இருந்து ஒரு கல் வந்து அவர்ர தோளில பட்டுது. அவர் சரிஞ்சிட்டார். அவரைத் தாங்கிப் பிடிக்கேக்க எனக்குள்ள ஒண்டு எழும்பினது. அது வெக்கையில்லை. சண்டைக்கு இறங்கேக்க வாற, எனக்கு நல்லாத் தெரிஞ்ச பழைய கொதி. ஊசியோட அது செத்துப்போச்சு எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். ஆனா அது இப்ப என்ர கரையைப் பாத்து நிண்டது.

அவரை எனக்குப் பின்னால விட்டிட்டு எழும்பி நிண்டனான். "எறியிறதெண்டா எனக்கு எறியுங்கோ," எண்டன். "இவர் எங்கட ஆள்."

அந்தச் சொல்லை நான் யோசிச்சுச் சொல்லேல்லை. அதுவா வந்தது. தம்பி என்னை விளங்காத மாதிரிப் பாத்தான். படகில இருந்து நானாவின்ர மகன்மார் கத்திக்கொண்டு குதிச்சு ஓடி வந்தவை. நான் தகப்பனைத் தாங்கிக்கொண்டு நிக்கிறதைக் கண்டதும் அப்படியே நிண்டிட்டினம்.

தம்பிதான் முதல்ல கத்தியை மணலில போட்டவன். அவன் தண்ணிக்குள்ள வந்து நானாவின்ர மற்றப் பக்கத் தோளைப் பிடிக்க, மூண்டு பேருமாக் கரையேறினம். மச்சான் போத்தலில மிச்சமிருந்த தண்ணியை நானாவுக்கு நீட்டினார். அவையளின்ர வலையும் அறுந்து கிடக்கெண்டு நானா சொன்னதை நான் எல்லாருக்கும் கேக்கச் சொன்னன். பேந்து ரெண்டு பக்கத்தாலயும் நாலு பேர் இருந்து கதைச்சினம். பொழுதுபட முதல் அந்தப் படகையும் ரெண்டு பேரையும் விட்டாச்சு. வலையை அறுத்தது ஆர், அல்லது எது எண்டு இண்டைக்கும் தெரியாது.

அடுத்த கிழமை ஊசிக்குப் போனபோது டொக்டரிட்டை எல்லாத்தையும் சொல்லி, "அந்த ஹோமோன் இல்லாமல் எனக்கு எப்பிடிப் பிள்ளை அந்தக் கொதி வந்தது?" எண்டு கேட்டனான். "அது ஒரு ஹோமோன்ர வேலை மட்டும் இல்லை ஐயா. உடம்பில இன்னும் எவ்வளவோ இருக்கு. எங்களுக்கும் முழுக்கத் தெரியாது," எண்டு டொக்டர் சொன்னா.

அந்தப் பதில் எனக்குப் போதுமா இருந்தது. ஆர் எங்கட ஆள், ஆர் மற்ற ஆள் எண்டு பிறந்ததில இருந்து எனக்குள்ள பதிஞ்சு கிடந்த ஒரு கணக்கு, ஒரு வாங்கில பக்கத்தில பக்கத்தில இருந்து வேர்த்ததாலயே எனக்குத் தெரியாமல் மாறியிருக்கு எண்டதை நினைக்க நினைக்க, இந்த உடம்பைப் பாத்து இண்டைக்கும் எனக்குப் பிரமிப்பு அடங்கேல்லை.