ஊர்க்கூட்டத்தில் நான் வைத்த ஓட்டைப் பானை

மூக்கண்டப்பள்ளியில் இரண்டு பட்டறை. ஜூஜுவாடியில் லாரி எடைமேடை. கிருஷ்ணகிரி சாலையில் கல்யாண மண்டபம். மூன்றாம் வகுப்போடு நின்ற கூலிக்காரன் மகன் நான், யார் தயவும் இல்லாமல் கட்டினேன். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், எங்கள் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடத்தையே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பள்ளிக்கு அரசு உத்தரவு வந்துவிட்டது. எங்கே கட்டுவது என்பதுதான் வழக்கு. பெரிய நிலக்காரர் தன் மாந்தோப்பு ஓரம் என்றார். அங்கே போகக் கோயில் தெருவைக் கடக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது. என் தங்கைக்கு அப்போது ஆறு வயது. எங்கள் பக்கத்துப் புறம்போக்கில் கட்டினால்தான் அவள் எழுத்தைக் கண்ணால் பார்ப்பாள்.

இரண்டு கூட்டம் நடந்தது. இரண்டிலும் நிலக்காரர் வெயில் ஏறும்வரை தன் பாட்டன் பெருமையே பேசினார். கேழ்வரகு அறுப்புக்குப் போகாவிட்டால் எங்கள் வீடுகளில் அடுப்பு எரியாது. பேசாமலே எழுந்து போனோம். மூன்றாம் கூட்டத்தில் கை தூக்கி முடிவு என்றார்கள்.

அந்த வாரம், எனக்கு மூன்றாம் வகுப்புவரை பாடம் சொன்ன பக்கத்து ஊர் வாத்தியார் வீட்டுச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தேன். என் புலம்பலைக் கேட்டு அவர் சொன்னார்: "கிரேக்க தேசத்துல ஏதென்ஸ்னு ஒரு பட்டணம்ப்பா. அங்க வழக்குப் பேசறப்ப ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தி வெப்பாங்க. தண்ணி தீந்தா பேச்சும் தீந்துச்சு. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு."

"கூலிக்காரனுக்கும் ஊத்துவாங்களா சார்?"

"ஏழைக்கு உண்டு. அடிமைக்கும் பொம்பளைக்கும் கிடையாது. அங்க வெள்ளிச் சுரங்கத்துல பாடுபட்டுச் செத்தவனெல்லாம் அடிமைதான்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அத்தனை அறிவாளிகள் இருந்த ஊரிலும் பாடுபட்டவன் வெளியேதான் நின்றிருக்கிறான். அவர்கள் விட்டதை நான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் கூட்டத்தில் ஆணியால் துளை போட்ட புதுப் பானையை நடுவில் வைத்தேன்.

"ஏமிரா இதி? கூத்தாடறியா?" என்றார் நிலக்காரர். அவர் வீட்டில் தெலுங்கு; என்னடா இது என்று அர்த்தம்.

"கூத்து இல்லீங்க சாமி, கிரேக்க தேசத்துச் சட்டம். உங்களுக்கு ஒரு பானை, எங்களுக்கு ஒரு பானை."

"அவரு பாட்டன் பொறக்கறதுக்குள்ளயே தண்ணி தீந்துடுமேடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

பள்ளிக்கு இடம் முடிவு செய்ய வந்திருந்த அதிகாரிக்கு ஓசூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். "நல்ல ஏற்பாடுதான், வைங்க" என்றார்.

நிலக்காரரின் பாட்டன் ஏரி வெட்டிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தீர்ந்தது. மறுபடி நிரப்பினேன். எழுந்து நின்றேன்.

"எங்க புள்ளைங்க கோயில் தெருவுல நடந்து வரலாம்னு சொல்லுங்க, உங்க தோப்புலயே கட்டுங்க. வரக்கூடாதுன்னா எங்க பக்கம் கட்டுங்க. அவ்வளவுதான் சாமி."

பானையில் முக்கால்வாசித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அது சொட்டி முடியும்வரை ஊரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. பிறகு எங்கள் பக்கத்துப் புறம்போக்குக்கே கைகள் உயர்ந்தன, நிலக்காரர் பக்கத்து ஆட்கள் சிலரின் கைகளும் சேர்ந்து. என் தங்கை எட்டாவது வரை படித்தாள்.

இப்போது ஊராட்சி அச்சிட்டிருக்கும் பள்ளி வரலாற்றில் நிலக்காரரின் பெருந்தன்மை இருக்கிறது. வாத்தியாரின் தொண்டு இருக்கிறது. அவரை நான் கும்பிடுகிறேன், சொல்லித் தந்தவர் அவர். ஆனால் பானை வைத்துப் பேசியவன் நான். அடுத்த பதிப்பில் அதைப் போடுங்கள். என் பெயரோடு கூலிக்காரன் மகன் என்றும் சேர்த்தே போடுங்கள்.