செருப்பைக் கழற்றிய ஏஜென்ட்

எண்பதுகளில், பெருங்களத்தூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் நிலம் வாங்க ஒரு ஏஜென்ட் வந்தார். வெள்ளைச் சட்டை, பெரிய குங்குமப் பொட்டு, கக்கத்தில் ரெக்ஸின் பை. "ராஜா" என்று சொல்லும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சொல்வார். சேற்றில் நின்றாலும் அப்படித்தான். வடக்கே ஏதோ ஒரு சமஸ்தானத்து ராஜா இங்கே பங்களா கட்டப் போகிறாராம். மன்னர் மானியமே ஒழிந்துபோன நாட்டில் இவர் எந்த ராஜா என்று எனக்குச் சந்தேகம்.

எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். ஏஜென்ட் கேட்டது அவருடைய கழனியைத்தான்; அதிலிருந்த கிணற்றில்தான் தெருவே குடிதண்ணீர் எடுத்தது.

"பொய் சொல்றவன் சேத்துல செருப்ப கழட்டுவானா சார்? கெணத்துக்கு வழி வுடச் சொல்லி ராஜாவே சொல்லிகீறாராம்" என்றார் அக்கா. பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அடுத்த மாதமே மதில் எழும்பியது. கிணறு உள்ளே போய்விட்டது. அக்கா காலிக் குடத்தோடு கேட்டில் நின்றார். நானும் கூடப் போயிருந்தேன். கேட்டுக்கு உள்ளே ஏஜென்ட் நின்றிருந்தார்.

"இன்னா சார், வழி வுடறேன்னு சொன்னியே?"

"நான் என்னம்மா பண்றது? யாரையும் உள்ளே விடக் கூடாதுன்னு ராஜா உத்தரவு" என்றார் ஏஜென்ட்.

நான் அவர் காலைப் பார்த்தேன். செருப்பு காலிலேயே இருந்தது. அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.