செவ்வாயும் வியாழனும் வராத பெண்

என் மனைவியைத் தெருவில் கண்டால் பிள்ளைகள் ஓட்டம் பிடிப்பார்கள். பள்ளி நேரத்தில் தெருவில் சுற்றுகிற பிள்ளைகளைச் சொல்கிறேன். சாயங்காலமானால் அதே பிள்ளைகள் "வணக்கம் நோட்டீஸ் ஆன்ட்டி" என்று பல்லைக் காட்டுவார்கள். கல்வி அலுவலகத்தில் அவள் வருகை ஆய்வாளர். மட்டம் போடும் பிள்ளைகளின் வீடு தேடிப் போய் விசாரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். வருடத்தில் எழுபத்தைந்து சதவீத நாட்களாவது வராத பிள்ளை இறுதித் தேர்வு எழுத முடியாது; அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டியதுதான். அந்தக் கடைசி உத்தரவில் இவளுடைய கையெழுத்து இருக்கும்.

பதினோரு வருடமாக இதே வேலை. வருகைப் பதிவேட்டைப் பார்த்ததும் பிள்ளையின் கதையைச் சொல்லிவிடுவாள். திங்கட்கிழமை மட்டும் காணோம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அதிகம். கணக்குப் பரீட்சை அன்று காணோம் என்றால் பயம். அங்கொன்றும் இங்கொன்றுமாக என்றால் நிஜமாகவே உடம்புக்கு முடியவில்லை. நான் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். எனக்குப் பின்பக்கத்தைத் திறந்து பார்க்காமல் ஒன்றும் சொல்ல வராது. அவள் அப்படி இல்லை.

அவளிடம் ஒரு தொழில் ரகசியமும் இருந்தது. சாப்பிடும்போது எனக்கே பத்து தடவை பாடம் எடுத்திருக்கிறாள்.

"எந்தெந்த நாள் வரலைன்னு நம்ம வாயால சொல்லவே கூடாது. சொன்னா அந்த நாளுக்குத் தோதா ஒரு பொய்யை ரெடி பண்ணிடுவாங்க. நாம சும்மா இருந்தா அவங்களே உளறிடுவாங்க."

மகனுக்குக் காய்ச்சல் என்று ஒரு அப்பா தேதியோடு அடித்துச் சொன்னாராம். அந்தத் தேதியில் பையன் பள்ளியில்தான் இருந்தானாம். இந்தக் கதைக்கும் நான் பத்து தடவை சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் சோறு இறங்காது.

இந்த வருடம் அவள் கையில் சிக்கியது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வகுப்பில் இருபத்தேழாம் எண். வருகை ஐம்பத்தெட்டு சதவீதம். அப்பா கண்ணாடி வெட்டுகிறவர்; முன்னால் கடை, பின்னால் வீடு. இவள் போனபோது அவர் ஒரு பெரிய கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்திருந்தாராம். கீழே வைக்கவும் முடியாமல், பிடித்துக்கொண்டு பேசவும் முடியாமல் திண்டாடியிருக்கிறார்.

"அவ தினமும் போறாளேம்மா" என்றார்.

இதைச் சொல்லாத அப்பாவை என் மனைவி இதுவரை பார்த்ததில்லை. பெண்ணைக் கூப்பிட்டாள். அது கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது.

"எந்தெந்த நாள் போகலை? நீயே சொல்லு."

"காய்ச்சல்ல நாலு நாள் மிஸ். வேற ஒரு நாளும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நெஜமாவே இல்ல மிஸ்."

'காரணம் கூற மறுக்கிறார்' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் பிட்டுப் பிட்டு வைத்தாள். "செவ்வாயும் வியாழனும் சொல்லி வெச்ச மாதிரி மட்டம். எங்கயோ வேலைக்குப் போகுது. அப்பாவும் உடந்தை."

"அந்தப் பொண்ணைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பொய் சொல்றவங்க யாரு அப்படி இருப்பாங்க? நீங்க ஃபிரிட்ஜைப் பாருங்க."

நான் ஃபிரிட்ஜைப் பார்க்கப் போய்விட்டேன்.

உத்தரவு தயாரானது. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். அதைப் பள்ளியில் கொடுக்கப் போன வியாழக்கிழமை காலை, அவளுடைய ஸ்கூட்டர் பஞ்சர். நான்தான் கொண்டுபோய் விட்டேன். வெளியே வண்டியோடு நின்றேன். உள்ளே நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள்.

தரைத்தளத்தில் கம்ப்யூட்டர் லேப். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தப் பெண் முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், ஒரு காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு. மணி ஒன்பது. 'நோட்டீஸுக்குப் பயந்து இன்னைக்கு வந்துட்டா பாரு' என்று நினைத்துக்கொண்டே இவள் மூன்று மாடி ஏறினாள். மேலே வகுப்பாசிரியர் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு."

"உள்ளேன் ஐயா."

"இருபத்தேழு."

சத்தமில்லை. ஆசிரியர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு இருபத்தெட்டுக்குப் போனார். கூப்பிட்டு முடிந்ததும் மொத்த வகுப்பும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு லேபுக்குக் கீழே இறங்கியது.

என் மனைவியும் அவர்களோடு இறங்கினாள். நேராக அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டாள். "ஏன் மேல வரலை?"

"போன வருஷம் முட்டி ஆபரேஷன் மிஸ். லேப் முதல் பீரியடா இருந்தா ஏறி இறங்க வேணாம்னு நேரா இங்க வந்துடுவேன்."

"லேப் என்னைக்கெல்லாம் முதல் பீரியட்?"

"செவ்வாய், வியாழன்."

லேபில் வருகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு நோட்டு உண்டு. கம்ப்யூட்டர் ஆசிரியை எடுத்துக் கொடுத்தார். தன் பட்டியலில் இருந்த தேதிகளை இவள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் நாட்கள் நான்கைத் தவிர எல்லாத் தேதியிலும் அந்தப் பெண்ணின் கையெழுத்து இருந்தது. வகுப்பாசிரியருக்கு அந்த இரண்டு நாளும் அந்த வகுப்பில் வேறு பாடம் கிடையாது. மற்ற ஆசிரியர்கள் யாரும் பதிவேட்டைப் பார்ப்பதில்லை.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தாள்.

"குடுத்தாச்சா?" என்றேன்.

"வண்டியை எடுக்காதீங்க. கொஞ்ச நேரம் இருங்க." உத்தரவை நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

மறுநாள் அவளை அலுவலகத்தில் விட்டுவிட்டு, மேலதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் நல்ல மனிதர். இவள் எழுதிக் கொடுத்த விளக்கத்தைப் படித்துவிட்டு, "எழுத்துப் பிழைன்னு போட்டுடுங்கம்மா. இல்லைன்னா வகுப்பாசிரியர் மேல எழுதுங்க. உங்க பேர் எதுக்கு அடிபடணும்?" என்றார்.

"அவர் செஞ்சது ஒரு தப்பு சார். அதை எழுதிட்டேன். என் தப்பு வேற" என்றாள் இவள். "செவ்வாய், வியாழன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா, 'அன்னைக்கு லேப் மிஸ்'னு அந்தப் பொண்ணு வாசல்லயே சொல்லியிருக்கும். எதுக்கு மாட்டிக்கிட்டோம்னே அதுக்குத் தெரியாது. தெரியாம பார்த்துக்கிட்டது நான். அப்படியே எழுதியிருக்கேன். கையெழுத்தும் போட்டாச்சு."

குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரியா பேசினாள்? யாரையோ பிடித்து உலுக்குகிறவள் மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் என்னிடம் ஒரு நாளாவது இப்படித் தப்பை ஒப்புக்கொண்டிருப்பாளா என்று தோன்றியதும் நிஜம்தான்.

அடுத்த வாரம் அப்பாவும் பெண்ணும் தேர்வு அனுமதிச் சீட்டு வாங்க அலுவலகத்துக்கு வந்தார்கள். சீட்டை இவளே கொடுத்தாள். அந்தப் பெண் அதில் தன் பெயரைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்து, "எனக்கு முன்னாடி வேற யாருக்காவது இப்படி ஆயிருக்குமா மிஸ்?" என்று கேட்டது.

"சும்மா வாம்மா" என்று அப்பா தோளைத் தொட்டார்.

எதைக் கேட்டாலும் பதிலைக் கையில் வைத்திருக்கிறவள் என் மனைவி. அன்று, "தெரியலைம்மா" என்றாள். அவர்கள் போனதும் பழைய கோப்புகள் இருக்கும் அறையின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தினமும் இரண்டு கோப்பு. தேதிகளை எழுதிக்கொண்டு அந்தந்தப் பள்ளிக்கே போய், பழைய கால அட்டவணையோடு வைத்துப் பார்க்கிறாள். முதல் எட்டும் அசல் மட்டம்தான்; எனக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஒன்பதாவது ஒரு பையன். ஆறு வருடத்துக்கு முந்தையது. புதனும் வெள்ளியும் மட்டும். அந்த இரண்டு நாளும் முதல் பீரியட் தச்சுப் பட்டறை, தனிக் கட்டடத்தில். தேர்வு எழுத விடாததோடு பையன் படிப்பையே நிறுத்திவிட்டான்.

"இவன்கிட்டயும் நான் நாளைச் சொல்லலை" என்றாள். முகவரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். "காலையில இங்க கொண்டுபோய் விடுங்க."

"ஆறு வருஷம் ஆச்சு. வீடு மாறியிருப்பாங்க."

"மாறியிருந்தா தேடுவேன்."

"கண்டுபிடிச்சு? என்ன சொல்லப்போற?"

"அவன் அப்ப என்ன சொல்ல வந்தான்னு கேக்கப் போறேன்."

நான் போய் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன்.