அழைப்புப் பட்டியலில் இல்லாத பெயர்

இன்று காலை நோர்வூட் பஸ்ஸில் சரோஜா அக்காவைப் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி முகத்தை மறைக்காமல் வீடியோவில் பேசியவர். மறுவாரமே தோட்டத்தில் அவருடைய வேலையை நிறுத்திவிட்டார்கள்.

அந்த வீடியோவை எடுத்து, அதற்காக அடியும் வாங்கிய நிருபருக்கு இன்று ஹட்டனில் பாராட்டு விழா.

"விழாவுக்கா அக்கா?" என்றேன்.

"என்னய யாருங்க டீச்சர் கூப்புட்டா? வேலைய திருப்பிக் கேட்டு லேபர் ஆபீஸ் போறேன். இது நாலாவது தடவ."

"அவரு மேல கோவமா?"

"அவரும் அடி வாங்குனவருதானுங்களே. நல்லா போத்தட்டும் பொன்னாட."

"இனிமே கேமரா முன்னால பேசுவீங்களா?"

"கூர இன்னும் ஒழுகுதுங்களே டீச்சர்."

விழாவில் கருத்துச் சுதந்திரம் பற்றி ஐந்து பேர் பேசினோம். இரண்டு பொன்னாடைகள் மிஞ்சின.

அழைப்புப் பட்டியலை எழுதியவள் நான்தான். அதைச் சரிபார்த்த நண்பர்களே, நீங்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்காவது சரோஜா அக்காவின் பெயர் ஞாபகம் வந்ததா?